காற்று வைத்த கட்டில்

அப்பாவு மாதிரி ஒரு பிடிவாதக்காரரை எங்கள் வார்டு பார்த்ததில்லை. நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மாஸ்க் இல்லாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாத மனிதர். ஆனால் மதியம் பார்வையாளர் நேரம் வந்ததும் அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவார். நான் திட்டுவேன், அவர் சிரிப்பார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

"ஐயா, இது என்னா வெளையாட்டு லா?"

"கோவப்படாத மிஸி. முத்தம்மா வர்ற நேரம்." தாதிகளான எங்களை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரும் முத்தம்மாவும் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக ரப்பர் மரம் சீவி வாழ்ந்தவர்கள். இப்போது குனோங் ராபாட்டில் மகன் தீபன் வீட்டில் இருக்கிறார்கள். தோட்டத்தில் ஒருவருக்குக் 'காத்து வச்சிட்டாங்க' என்றால் உடனே சொந்தபந்தத்துக்கு ஆள் அனுப்பிவிடுவார்களாம். கடைசி மூச்சுக்குத்தான் அந்த ஆக்ஸிஜன் உருளை கட்டிலருகே வரும். இவர்களுடைய மூத்த மகளுக்கு அது வந்த அன்றே அவள் போய்விட்டாள்.

"என்னய இப்படிப் பாத்தா அவ தாங்க மாட்டா மிஸி" என்றார், சொல்லுக்குச் சொல் நின்று.

தாதியர் கல்லூரியில் மனிதத் தேவைகளை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார்கள். அடியில் காற்று, நீர், உணவு. பாசமெல்லாம் மேலே, வெகு மேலே. மூச்சு இருந்தால்தானே மற்றதெல்லாம்? நானும் அதைச் சாமி வாக்காக நம்பி வேலை பார்க்கிறவள். இந்த மனிதரோ அந்த முக்கோணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவ்வளவு பாடுபட்டு அவர் காத்திருந்தால், முத்தம்மா வந்ததும் வராததுமாகக் கிளம்பிவிடுவார். நாலு வாய் ரசம் சோறு ஊட்டுவார். "அடுப்ப அணைச்சேனான்னு தெரியலயே" என்று எழுந்துவிடுவார். மறுநாள், "கொடியில துணி கெடக்கு, மழ வரும்போல."

அவர் போன பிறகு அப்பாவு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னும் செத்த நேரம் உக்காந்தா என்னவாம் அவளுக்கு?"

ஒருநாள் பொறுக்க முடியாமல் முத்தம்மாவின் பின்னாலேயே போனேன். அடுப்பை அணைக்க ஓடியவர், படிக்கட்டருகே பெஞ்சில் காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுப்பு இங்கதான் எரியுதாம்மா?" என்றேன் வெடுக்கென்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் கெளம்புனாதான மிஸி அவரு அத எடுத்து மாட்டுவாரு."

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே கதவுக் கண்ணாடி வழியா பாத்துட்டேன். நெதமும் அவரு கழட்டுற வரைக்கும் வெளிய நின்னுட்டுதான் உள்ள வாரேன். நேரமானா ஒதடு நீலமாவுது. எப்படி மிஸி உக்காந்திருக்கிறது?"

"வாங்கம்மா, இப்பவே சொல்லிருவோம். அவரு மாஸ்க்கோட இருக்கட்டும், நீங்க பக்கத்துல இருங்க."

முத்தம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நாளைக்கி நானே சொல்றேன். இன்னிக்கி ஒருநாள் மறைச்சிட்டோம்னு நிம்மதியா தூங்கட்டும். நாளைக்கி நேரம் முடியிற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன் அப்பாவுவின் மூச்சு திடீரென நின்றது. எங்களால் மீட்க முடியவில்லை. தீபனுக்குச் சொன்னோம். வேலையிடத்திலிருந்து கிளம்பிவிட்டதாகவும் அம்மா ஃபோனை எடுக்கவில்லை என்றும் சொன்னார்.

மாஸ்க்கைக் கழற்றித் தலையணை ஓரம் வைத்தேன். முகத்தைத் துடைத்துத் தலையை வாரிவிட்டேன். தூங்குகிறவர் போலவே இருந்தார். இத்தனை வருட வேலையில் செய்யாததை அன்று செய்தேன், நோயாளியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு புது விரிப்பு எடுக்கக் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கினேன்.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முத்தம்மா நின்றிருந்தார். மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல் உள்ளே வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தாண்டிப்போய், நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கி முந்தியே கழட்டிட்டீங்களா? எனக்கு எல்லாம் தெரியுங்க. மாட்டிக்குங்க. இன்னிக்கி நான் எங்கயும் போகல."

மாஸ்க்கைத் தானே எடுத்து அவர் முகத்தில் வைத்தார். பட்டையைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிடப் போன முத்தம்மாவின் விரல்கள், அவர் கன்னத்தைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டன.