அமெரிக்கக் காடி

கணவனின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் தகரம் கிரீச்சிட்டது. தனலெட்சுமி சன்னல் வழியே பார்த்தாள். மூத்தார் பக்கிரிசாமி, காடியின் முன்மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டிருந்தார்.

அவள் கணவன் சபாபதி வாடகைக் காடி, அதாவது டாக்சி, ஓட்டியவர். நேற்று சாயங்காலம் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பி, காடியை நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உயிரோடு வீட்டுப் படி ஏறவில்லை.

அந்தக் காடி வாங்கிய நாளிலிருந்து பக்கிரிசாமி அதில் ஏறியதே கிடையாது. அவர் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி.

"நம்ம இங்கிலீஷ் ராஜா ஊரு காடி பேரன் காலம் வரைக்கும் ஓடும். இந்த அமெரிக்கா தகரத்தப் போயி வாங்கியிருக்கியே, புத்தி இருக்கா?" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார்.

சபாபதி சிரித்தார். "பந்திங் ரோட்டு சேத்துக்கு எந்த ஊரு காடின்னு தெரியாதுண்ணே. சேத்துலேருந்து ஏறி வரணும், அவ்வளவுதான்."

இப்போது பக்கிரிசாமி கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"காடிய நெனச்சு நீ கவலப்படாத. அமெரிக்கா சாமான், இங்க ஒருத்தனும் வாங்க மாட்டான். நானே எடுத்துக்கறேன்."

"உங்களுக்குத்தான் அது ஆகாதே, மாமா?"

"தம்பி ஞாபகமா இருக்கட்டும்."

"எஞ்சின் நல்லா இருக்கா?"

"நான் எங்க பாத்தேன்?"

அவர் நகக்கண்களில் கருப்பு எண்ணெய் அப்பியிருந்தது. தனலெட்சுமி அதையே பார்த்தாள். இத்தனை காலமும் இந்த மனுஷன் திட்டியது காடியையா, அது தம்பியிடம் இருந்ததையா?

"சாவி எங்க?" என்றார்.

"தெரியலையே மாமா. தேடிப் பாக்கணும்."

சாவியை அவள் இடுப்பில் செருகியிருந்தாள். குளிப்பாட்டுவதற்காகக் கணவனின் சட்டையைக் கழற்றும்போதே எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

பறை முழங்கியது. ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தெருமுனையில் திரும்பும்போது பக்கிரிசாமி மட்டும் ஒருமுறை நின்று காடியைப் பார்த்தார்.

பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். தனலெட்சுமி வெளியே வந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் காடியின் கதவைத் திறந்து, ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்தாள். சபாபதியின் உடம்பு அழுத்திய பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மிதிகட்டைக்குக் கால் எட்டவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள்.