பதினான்கு கிலோ நலம்

1999 ஜூன் பன்னிரண்டாம் தேதி கார்கிலிலிருந்து ஹைதராபாத் சைனிக்புரிக்கு வந்த ஓர் இன்லேண்ட் லெட்டர் பதினான்கு கிலோ எடை இருந்தது. போஸ்ட்மேன் யாதகிரி அதைக் கேரியரில் கட்டி, காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "என்ன அம்மா, சாப் இதுக்குள்ள கல்லு வெச்சு அனுப்புறாரா?" என்றார். தங்கம் இரண்டு கையாலும் வாங்கிப் பிரித்தாள். ராணுவத்தில் நாயக்காக இருந்த அவள் கணவன் ஜெயச்சந்திரன் நாலே வரி எழுதியிருந்தான். நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. குளிர் கொஞ்சம். கவலைப்படாதே.

மாமனார் இராமச்சந்திரன் ஓய்வுபெற்ற சுபேதார். ராணுவத்தான் கடிதமென்றால் கனமாகத்தான் இருக்கும் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் பழைய கர்னல்களும் மேஜர்களும் பதவி வரிசைப்படி வந்து தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிகேடியருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; அதை அவர் நாட்டுக்காகப் பட்ட காயமாகவே எடுத்துக்கொண்டார். தங்கத்துக்கு மட்டும் தூக்கியபோதே தெரிந்துவிட்டது, அவன் எழுதாமல் விட்டதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறதென்று.

அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "சண்டையில இருக்கறவனுக்கு அழுமூஞ்சித் தபால் போடக் கூடாது. வயித்துப் பிள்ளை சௌக்கியம்னு எழுதும்மா," என்றார் மாமனார். எழுதினாள். ஒட்டி வைத்ததும் மேசையின் கால் முறிந்தது. முப்பத்திரண்டு கிலோ. அதைச் சுமந்துபோன கோவேறு கழுதை மலைத்திருப்பம் ஒன்றில் உட்கார்ந்தது, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: குடும்பத்தினர் மகிழ்ச்சியான செய்திகளை மட்டுமே எழுதவும், எடையைக் குறைத்துக்கொள்ளவும்.

"அண்ணி, இ-மெயில் போடுங்க, வெயிட்டே இருக்காது," என்றான் கொழுந்தன் விஸ்வநாத். அவன் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று அமெரிக்காவுக்குத் தினமும் நாற்பது மெயில் அனுப்புவான். ஒன்றுகூட ஒரு கிராம் இருந்ததில்லை. அங்கே யாரும் யாரையும் நினைத்து மறைக்கவில்லை.

ஜூலை முதல் வாரம், மாமனார் கோயிலுக்குப் போயிருந்தபோது, தங்கம் யாரையும் கேட்காமல் எழுதினாள். குழந்தை போயிட்டுது. உங்கப்பா சொல்லக் கூடாதுன்னார். என்னால முடியல. ஒட்டியதும் கடிதம் அவள் கையைவிட்டு எழும்பி விட்டத்தில் போய் முட்டியது. ஸ்டூல் போட்டு எடுத்து, நூலால் யாதகிரியின் சட்டைப் பொத்தானில் கட்டி அனுப்பினாள். "இது நல்லாயிருக்கு அம்மா," என்று அவர் சைக்கிள் ஏறினார்.

பதிலை அவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். இடது காலில் மூணு விரல் எடுத்துட்டாங்க. பக்கத்துல இருந்தவன் அடிபட்டுக் கூப்பிட்டான். நான் ஓடி வந்துட்டேன். இன்னமும் கூப்பிடறான்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றார் மாமனார்.

"நல்லா இருக்காராம் மாமா."

அவர் அதை மெடல் என்று மாற்றிக் காலனியில் சொன்னார்.

நவம்பரில் ஜெயச்சந்திரன் கைத்தடியோடு வந்தான். மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "நல்லா இருக்கேன்," என்றான். வாயால் சொல்வதற்கு எடை கிடையாது, எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டில் அதுகூடச் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வாரம் தங்கம் ஓர் இன்லேண்ட் லெட்டரையும் பேனாவையும் அவன் மடியில் வைத்தாள். ஒரு பகல் முழுக்க எழுதினான். நொண்டிக்கொண்டே தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து யாதகிரி அதைச் சமையலறை ஜன்னல் வழியாகத் தங்கத்திடம் கொடுத்தார். அவள் படித்து, அழுது, பதில் எழுதி, அதே பெட்டியில் போட்டாள்.

இப்படியே ஒன்பது வருஷம் ஒரே வீட்டுக்குள் தபால் நடந்தது. இதற்கிடையில் ஒரு மகள் பிறந்தாள், வேதா. அமெரிக்காவுக்கே போய் அங்கே வேலை இழந்த விஸ்வநாத் 'நலம்' என்று போட்ட முதல் காகிதக் கடிதத்தை இரண்டு பேர் இறக்கினார்கள். கணவன் மனைவி கடிதங்கள் விட்டத்தில் ஒட்டிக்கொண்டு நெருக்கமாகிவிட்டன, காற்றடித்தால் சரசரக்கும்.

2008 தீபாவளிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சீலிங் வேணாமா அம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள் தங்கம். அவர் சுவருக்கு மட்டும் வெளிர்நீலம் அடித்துவிட்டுப் போனார்.