ஒட்டுவாரொட்டி

கட்டைவிரல்கள் இரண்டும் சேர மறுத்தன. முனிகிருஷ்ணன் கிழித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போன மனைவியின் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்துக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். வள்ளியம்மாவின் விரல்கள் உயிரோடு இருந்தபோதே ஆளுக்கொரு திசையில் கோணிக்கொண்டவை. செத்த பிறகா சொன்ன பேச்சைக் கேட்கப்போகின்றன? முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் கோலிக்குண்டு போல இரண்டு மூன்று முண்டுகள் வேறு. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அது. காலை வெயில் அப்போதுதான் சிமென்ட் மேடை மேல் ஏறியிருந்தது. அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டியிருந்தான். டி.பி. செத்த உடம்பிலிருந்தும் ஒட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் எதிலும் அசட்டையாக இருக்கிற ஆள் இல்லை.

"விடுங்க, அது கட்ட வராது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர் சுந்தரேசன். வள்ளியம்மாவைக் கடைசி சில நாட்கள் பார்த்தவர். அவர் மூக்கில் துணி இல்லை. வெறும் கையால் அவளுடைய முழங்கையைத் தூக்கி, அந்த முண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முனிகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், டி.பி. கேஸு சார். தொடாதீங்க."

டாக்டர் கையை எடுக்கவில்லை. "இவங்க எந்தக் கல் மில்லுல வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார்.

முனிகிருஷ்ணன் சட்டென்று வள்ளியம்மாவின் முகத்தைப் பார்த்தான். இவள்தான் சொல்லிவிட்டாளோ என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது.

"அவ வேலைக்கெல்லாம் போனதில்லீங்க சார். வீட்டோடதான்."

"உண்மையைச் சொல்லுங்க. இனிமே யாருக்கு என்ன நஷ்டம்?"

அவன் கைக்குட்டையை மேலே இழுத்து விட்டுக்கொண்டான். "தொம்மலூருக்கு அந்தாண்ட ஒரு மில்லு சார். வெள்ளைக்கல்லை மாவா அரைப்பாங்க, பாத்திரம் தேய்க்கிற பொடிக்கு. அதுல சலிக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே போயிட்டிருந்தா."

"முன்னாடி பார்த்த பெரிய டாக்டர் இதைக் கேக்கலையா?"

"கேட்டாருங்க."

டாக்டர் அதற்கு மேல் அதைத் துருவவில்லை. மேடை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். அவளுக்கு முதலிலிருந்தே மூட்டு வாதம் இருந்திருக்கிறது; அந்த முண்டுகளும் அதனால்தான். அந்த வாதம் இருக்கிற சில பேருக்குக் கல்தூசி உள்ளே போனால் நுரையீரலில் உருண்டை உருண்டையாகக் கட்டி விழுந்துவிடும். எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் டி.பி. போலவே இருக்கும். சீமையில் நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களிடம் கண்டுபிடித்தே சில வருஷம்தான் ஆகிறது.

"சளியை எத்தனை தடவை பார்த்தும் டி.பி. கிருமி தெரியலை. நேத்து அவங்க கையையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தப்பதான் எனக்கே பட்டுது. யாராவது கல் மில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாளா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே போன தூசியை வெளியே எடுக்கற மருந்து எங்கிட்டயும் இல்லை. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்க வேணாம்." அவர் போகத் திரும்பினார். பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னார். "அந்தக் கைக்குட்டையை அவிழ்த்துடுங்க. இது ஒட்டுவாரொட்டி இல்லை. யார் வேணா கிட்டப் போயிருக்கலாம், தொட்டிருக்கலாம், பக்கத்துல படுத்திருக்கலாம். ஒண்ணும் ஆயிருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னார். முனிகிருஷ்ணன் கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் கன்டோன்மென்டில் ஒரு கிளப்பில் பரிமாறுகிற பேரர். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, பித்தளைப் பொத்தான், இடுப்பில் பச்சைப் பட்டி. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டால் அவனுக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். கிளப்பில் யாரும் அவன் மனைவி கல்மாவு சலிக்கிறவள் என்று அறிய மாட்டார்கள். சாயங்காலம் கண்ணிமையெல்லாம் வெளுத்து, வெல்லத்துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அவள் தெருவில் வருவதைக் கண்டால் அவனுக்குக் கூசும். வெல்லம் தின்றால் தூசி வயிற்றோடு இறங்கிவிடும் என்பது அந்த மில் பெண்களின் வைத்தியம். இறங்கவில்லை. விரல் கோணிச் சல்லடை பிடிக்க முடியாமல் போனபோதுதான் அவள் வேலையை விட்டாள். கைவலிக்கு ஒரு டாக்டர் தைலம் கொடுத்தார். இருமலுக்கு வேறு டாக்டரிடம் போனார்கள். அந்தப் பெரிய டாக்டர் கிளப்புக்கு வருகிறவர். முனிகிருஷ்ணன் எத்தனையோ தடவை அவருக்கு சோடா உடைத்து ஊற்றியிருக்கிறான். அவர் "உன் பெண்டாட்டி என்ன வேலை செய்யறா?" என்று கேட்டதும் அவன் முந்திக்கொண்டு, "ஹவுஸ் ஒய்ஃப் சார்" என்றான். இங்கிலீஷிலேயே சொன்னான். வள்ளியம்மா அவனைப் பார்த்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள். டாக்டர் சீட்டில் டி.பி. என்று எழுதினார்.

ஜட்கா வந்தது. உடம்பை ஏற்றிவிட்டு அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தான். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் தலை அவன் முழங்காலில் இடித்தது. அவன் நகரவில்லை. மூன்று வருஷத்தில் அவள் தலை அவன் மேல் படுவது இதுதான் முதல் தடவை.

மூன்று வருஷம். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு அவளைத் தனியாக வைத்தது அவன்தான். சோற்றுத் தட்டைக் கழியால் தள்ளிவிட்டது அவன்தான். ஒரே மகள் சரசுவை காக்ஸ் டவுனிலிருந்த தன் அக்கா பாஞ்சாலி வீட்டில் கொண்டுபோய் விட்டதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாஞ்சாலி குழந்தையைக் கூட்டிவந்து கொல்லைப் படல் அருகே நிறுத்துவாள். வள்ளியம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள். "கிட்ட வரச் சொல்லேன்யா. ஒரே ஒரு வாட்டி. மூச்சை அடக்கிக்கிறேன்" என்று ஒருதரம் கெஞ்சினாள். "உனக்குப் புள்ள மேல ஆசை இருந்தா இப்படிக் கேக்க மாட்டே" என்று அவன் சொன்னான். அதைச் சொல்லிவிட்டு வந்து தெருவில் நாலு பேரிடமும் பெருமையாகச் சொன்னான். குழந்தையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் நம்பினான். தெருவும் அவனை மெச்சியது.

தொம்மலூர் தெருவில் ஜட்கா நுழைந்ததும் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். வாசலில் இறக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஜட்காக்காரனும் அவனுமாக இறக்கிப் பாயில் கிடத்தினார்கள். முனிகிருஷ்ணன் நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"டி.பி. இல்ல! யாருக்கும் ஒட்டாது. டாக்டரே சொல்லிட்டாரு. கிட்ட வாங்க!"

யாரும் அசையவில்லை. எதிர்வீட்டு கோவிந்தப்பா மட்டும் துண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ரெண்டடி முன்னால் வந்தார்.

"ஏனப்பா முனிகிருஷ்ணா, துக்கத்துல என்னமோ பேசறே. மூணு வருஷமா டி.பி., டி.பி.ன்னு நீதானே சொல்லிட்டிருந்தே? எங்க வீட்டுக் குழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்கன்னு நீதானே சொன்னே?"

"நான்தான் சொன்னேன். தப்பு."

"சரி, சரி. சும்னே கத்தாதே. நாலு பேரு தூக்க வேணும்னுதானே இப்படிச் சொல்றே? ஆளு நான் கூட்டிட்டு வரேன்" என்று கோவிந்தப்பா கன்னடம் கலந்து பரிவோடு சொல்லிவிட்டுப் போனார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். இங்கே ஊருக்கு வாயாக இருந்தவனே அவன்தான். அவன் விதைத்த பயத்தை அவனாலேயே பிடுங்க முடியவில்லை.

உச்சிவேளைக்குப் பாஞ்சாலி சரசுவோடு வந்து சேர்ந்தாள். குழந்தையின் முகத்தில் பாதியைத் தாவணித் துண்டால் சுற்றியிருந்தாள். எட்டு வயசு. வாசல் வேலிக்கு வெளியே நின்று, அடக்கமான பெண்ணாக, கிடத்தியிருந்த உடம்பைப் பார்த்தாள். அவள் அழவில்லை. தூரத்து உறவு வீட்டுச் சாவுக்குக் கூட்டிவந்த குழந்தை மாதிரி நின்றாள். முனிகிருஷ்ணனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடுவார்கள். அதற்குள் அந்தக் குழந்தை அம்மாவைத் தொட்டாக வேண்டும். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

"அந்தத் துணிய அவுருக்கா. அவள உள்ள கூட்டினு வா."

"உனக்கு இன்னாடா ஆச்சு? புள்ளைக்கு எதுனா வந்தா?"

"ஒண்ணும் வராது. அது டி.பி. இல்ல."

"இத்தினி நாளு இருந்தது இன்னிக்கு இல்லன்றியா? பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?"

முனிகிருஷ்ணன் அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். இதுவரை தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாததை அவளிடம் சொன்னான்.

"கல்லுமாவுதான்கா. மில்லுல இழுத்த தூசி. அதோட அந்தக் கைவாதமும் சேர்ந்துனு இப்படிப் பண்ணியிருக்கு. அன்னிக்கே அந்த டாக்டரு இன்னா வேலைன்னு கேட்டாரு. நான் வீட்டோட இருக்கான்னுட்டேன்."

"ஏன்டா?"

"அவரு கிளப்புக்கு வர்றவரு."

பாஞ்சாலி அவனையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பியைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் அவள்.

"அவளாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"நான் பக்கத்துல நின்னுனு இருந்தேனேக்கா."

பாஞ்சாலி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை எடுத்துப் போனாள். வள்ளியம்மாவை அவள் ஒருத்தியாகவே குளிப்பாட்டினாள். கோணின விரல்களுக்கு நடுவில் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் பூசிப் பெரிய பொட்டாக வைத்தாள். அதைப் பார்த்த பிறகு தெருப் பெண்கள் இரண்டு பேர் படல் வரைக்கும் வந்தார்கள். அதற்கு மேல் வரவில்லை.

கோவிந்தப்பா சொன்னபடி ஆட்களோடு வந்துவிட்டார். வாய்க்கரிசி போட வேண்டும். பாஞ்சாலி சரசுவின் முகத்துத் துணியை அவிழ்த்து, அவளுடைய உள்ளங்கையில் அரிசியை வைத்து மூடினாள்.

"போம்மா, அம்மாவுக்குப் போடு" என்றான் முனிகிருஷ்ணன்.

குழந்தை அத்தையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "கிட்டப் போலாமாப்பா?"

"போலாம். ஒண்ணும் ஆவாது."

அவள் வந்தாள். பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சிந்தாமல் அரிசியை அம்மாவின் உதட்டில் போட்டாள். ஒரு மணி நழுவிக் கன்னத்தில் விழுந்ததை எடுத்துத் திரும்ப வைத்தாள். கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிற பிள்ளை.

"மூஞ்சியத் தொடும்மா" என்றான் அவன். "நல்லா தொட்டுப் பாரு. உங்கம்மா."

சரசு கையை வைத்தாள். நெற்றியில் வைத்து, கன்னத்துக்கு இறக்கினாள். அம்மா எப்படி இருப்பாள் என்று விரலால் பார்ப்பது போல மூக்கையும் மோவாயையும் தடவினாள். முனிகிருஷ்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அழுதுவிடுவாள், அம்மா என்று ஒரு சத்தம் வந்துவிடும், அது போதும் என்று நினைத்தான். பாஞ்சாலி கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை எழுந்தாள். தொட்ட கையை உடம்பில் படாமல் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, நேரே கொல்லைப் பக்கம் நடந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவன் பின்னாலேயே போனான். அவள் துணிச் சோப்பை எடுத்து உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் நுரை ஏறியிருந்தது. கழுவினாள். திரும்ப சோப்புப் போட்டுத் திரும்பவும் கழுவினாள். பிறகு அப்பா நிற்பதைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்து அவனிடம் காட்டினாள்.

"நல்லா கழுவிட்டேம்பா" என்றாள்.

முனிகிருஷ்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டை மடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் கோவிந்தப்பா, நேரமாகிறது என்று கூப்பிட்டார்.