காந்தம் ஒட்டாத இடம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்கள் வந்து கராஜின் சுவரை இடிப்பார்கள். அதற்குள் பழைய மாரிஸ் மைனர் கார் வெளியே போயாக வேண்டும்.

அக்டோபரில் டோரீனுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோனதிலிருந்து அவளால் மாடி ஏற முடியவில்லை. குளியலறையும் படுக்கையறையும் மாடியில். இரண்டு மாதமாக முன்னறை சோபாதான் அவளுக்குக் கட்டில். கராஜைப் படுக்கையறையாக்கித் தர நகராட்சி ஒப்புக்கொண்டு தேதியும் கொடுத்துவிட்டது. அந்தத் தேதியை விட்டால் ஈஸ்டருக்குப் பிறகுதான்.

காரை விற்கும் விளம்பரத்தை லீட்ஸிலிருந்து மகள் ஜேனிஸ் எழுதிப் போட்டாள். 'எளிதாகச் சீர்செய்யலாம். செலவு குறைவு. அடிப்பாகம் உறுதி. 1,800 பவுண்டு.' டோரீனின் கணவர் கிளிஃபர்ட் மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில், பாதித் தூக்கத்தில் நடமாடும் மனிதருக்கு, சொல்லாமல் இருப்பது எளிதாக இருந்தது.

வியாழக்கிழமை நாட்டிங்காமிலிருந்து பாக்ஸ்டர் என்ற வியாபாரி வந்தான். பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்பவன். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, இடது கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பட்டையில் வைத்தான். அது ஒட்டாமல் தரையில் விழுந்தது.

"அடிப்பாகம் உறுதியாம்! இரும்பே இல்லியே பெருசு, எல்லாம் ஓட்டைய மூடுன பட்டிப் பூச்சுதானே. இதுல உக்காந்து தும்மினா ரோட்டுல கால் பதியும்" என்று சிரித்தான். "முந்நூறு தர்றேன். அதுவும் கதவுக்கும் கண்ணாடிக்கும்தான்."

கிளிஃபர்ட் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை வந்தவன் கிரெய்க். மலைக்கு அப்பால் உள்ள ஊரில் தபால்காரன். நாற்பது வயது இருக்கும். அவன் குனியவே இல்லை. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் வண்டியின் முன்மூடியைத் தொட்டான்.

"எங்கம்மா கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுக்குப் போனது இதே மாதிரி வண்டியிலதான் சார். இதே பச்சை. ஈஸ்டருக்கு அவங்களை இதுல கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?"

"இன்ஜின் வேலை பாத்துக்குவேன். வெல்டிங்தான் சுத்தமா வராது. அடி உறுதின்னு போட்டிருந்தீங்களே, அதைப் பாத்துதான் கிளம்பி வந்தேன். எதுக்கு சார் விக்கிறீங்க?"

கிளிஃபர்ட் டோரீனைப் பற்றிச் சொன்னார். திங்கட்கிழமையைப் பற்றியும் சொன்னார். கிரெய்க் தலையாட்டிக்கொண்டே உள்சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். பேரம்கூடப் பேசவில்லை.

கையை நீட்டினால் போதும். வண்டி போய்விடும், டோரீனுக்கு அறை வந்துவிடும். கிளிஃபர்டுக்குக் கால் வலித்தது.

"இருங்க, முதல்ல டீ போடறேன்" என்றார்.

சமையலறையில் கெட்டில் கொதிக்கும்வரை குளிர்பெட்டிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். டோரீனின் மாத்திரை அட்டவணை அங்கே ஒரு காந்தத்தின் அடியில் தொங்கியது. விட்பி கடற்கரைக்குப் போனபோது அவள் வாங்கிய கலங்கரை விளக்கக் காந்தம். அந்தப் பயணமும் இந்தக் காரில்தான். அட்டவணையைச் சர்க்கரை டப்பாவின் அடியில் செருகிவிட்டு, காந்தத்தை டீயோடு எடுத்துப்போனார்.

"இதை அந்த அடிப்பட்டையில வெச்சுப் பாருங்க."

கிரெய்க் வைத்தான். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தான். மறுபடியும் விழுந்தது.

"தொண்ணூத்தி மூணுல வண்டியோட வருஷ சோதனைக்கு முந்தின நாள் செஞ்சது. ஓட்டையில நியூஸ்பேப்பரைத் திணிச்சு, மேல பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சேன். பாஸ் ஆயிடுச்சு."

"சரி பண்ண எவ்வளவு ஆகும்?"

"உங்க உறையில இருக்கிற மாதிரி இன்னொரு மடங்கு."

கிரெய்க் உறையை மெதுவாக உள்ளே வைத்தான். டீயைப் பாதி குடித்தான். "எனக்கு முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் தானே சமையலறையில் வைத்துவிட்டுப் போனான். தரையில் கிடந்த காந்தத்தைக் கிளிஃபர்ட் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"வித்தாச்சா?" என்று முன்னறையிலிருந்து டோரீன் கேட்டாள். சொற்கள் அவளிடமிருந்து ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"இல்ல. பட்டி வெச்சதைச் சொல்லிட்டேன். வெல்டிங் பண்ணினேன்னு உங்கிட்டயும் பொய்தான் சொன்னேன், டோரீன்."

"தெரியும், கிளிஃப்."

"எப்படி?"

"அந்த வருஷம் பூரா... நீ பள்ளம் பாத்துப் பாத்து ஓட்டினே."

அவள் உதட்டின் ஒரு பக்கம் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடியபோது கிளிஃபர்டுக்கு ஆண்டவரிடம் கேட்க ஒன்றும் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது. ஆண்டவர் அதையும் ஜெபமாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். வீடு திரும்பியதும் பாக்ஸ்டருக்குப் போன் செய்தார்.

"இப்போ இருநூறுதான் பெருசு. இழுத்துட்டுப் போற வண்டி புதன்கிழமைதான் வரும்."

புதன்கிழமை வந்து பயனில்லை. வரி கட்டாத வண்டியைத் தெருவில் தள்ளிவிடவும் முடியாது. இழுத்துக்கொண்டு போய் அபராதம் போடுவார்கள்.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் டிரெய்லர். கிரெய்க் இறங்கினான்.

"வண்டி வாங்க வரல சார்" என்று முதலிலேயே சொன்னான். "நாளைக்கு சுவர் இடிக்க வர்றாங்கன்னீங்கல்ல? மச்சான் பண்ணையில கொட்டகை ஒண்ணு சும்மா கிடக்கு. நீங்க விக்கிற வரைக்கும் வண்டி அங்க நிக்கட்டும். மார்ச்சுல ஆடு குட்டி போட ஆரம்பிச்சா மட்டும் காலி பண்ணணும்."

"வாடகை?"

"ஆடுங்க கேட்டா குடுங்க."

"உங்களுக்கு எதுக்குப்பா இந்தக் கஷ்டம்?"

கிரெய்க் டிரெய்லரின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "தபால்காரன் சார் நான். மாடி ஏற முடியாம முன்னறையில படுத்திருக்கிறவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். கதவைத் திறக்கறதுக்குள்ளயே அவங்களுக்கு மூச்சு வாங்கும்."

இருவருமாகத் தள்ளினார்கள். பின்சக்கரம் ஒன்று இறுகிப்போயிருந்தது. கடைசி இரண்டு அடிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டோரீன் வலது கையை உயர்த்தினாள். அது காருக்கா, கிரெய்க்குக்கா என்று தெரியவில்லை.

டிரெய்லர் மறைந்ததும் கிளிஃபர்ட் மகளுக்குப் போன் செய்தார்.

"அடிப்பாகம் உறுதிங்கறதை எடுத்துடும்மா. 'இடது அடிப்பட்டை முழுக்கப் பட்டி, நான்தான் வெச்சேன்'னு போடு."

"அப்பா! அப்படிப் போட்டா யாருப்பா வாங்குவா?"

"தெரிஞ்சே வாங்கறவன் வரட்டும். விலையையும் பாதியாக்கிடு."

அவர் திரும்பியபோது டோரீன் நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்றாள். யாருடைய துணையும் இல்லாமல் அத்தனை தூரம் வந்திருந்தாள். வெறும் தரையில் எண்ணெய்க் கறை ஒன்று அகலமாகக் கிடந்தது.

"கட்டில் இங்கயா?"

"ஆமா. கறை போகாது போலிருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "இத்தனை வருஷம்... அது படுத்துச்சு. இனி நான்."

கிளிஃபர்ட் கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கோட்டுப் பையில் ஏதோ குத்தியது, கலங்கரை விளக்கக் காந்தம். அப்போதுதான் சர்க்கரை டப்பாவின் அடியில் கிடக்கும் அட்டவணை நினைவுக்கு வந்தது. இரண்டு மணி மாத்திரையை மறந்துபோயிருந்தார்.

முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, தண்ணீர் எடுத்துவரப் போனார்.