இரண்டு முறை கொடுத்த சேவல்

கஸ்தாரி வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் முழுக்கச் சாம்பல். கண்ணில் மட்டும் சிரிப்பு. தோளில் சாக்கு, கையில் நீண்ட மூங்கில் கழியில் கட்டிய வலை. கசோதோ விழாவன்று ஊரார் விளிம்பில் நின்று புரோமோ எரிமலையின் வாய்க்குள் காணிக்கை வீசுவார்கள். உள்சரிவில் இறங்கி நின்று அதை வலையில் ஏந்துபவர்களில் அவனும் ஒருவன். அதில் தவறில்லை. மலைக்குப் போட்டது யார் கையில் விழுகிறதோ, அது அவர்களுக்கு மலை கொடுத்தது.

“துமினா, இங்க வந்து பாரு. இந்த வருசம் மலை என்னைய மறக்கல.”

சாக்கிலிருந்து இரண்டு முட்டைக்கோஸ் உருண்டன. பிறகு ஒரு வெள்ளைச் சேவல் தலையை நீட்டியது. வலது காலில் சிவப்பு நூல்.

உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்த துமினாவின் கை அப்படியே நின்றது. அந்த நூலைக் கட்டியவள் அவள்தான். அக்கா வீட்டில் வளர்த்த சேவல் அது. காலையில் அக்காவோடு போய், கண்ணை மூடிக்கொண்டு அவள் வீசியது.

இரண்டு முறை துமினாவின் வயிற்றில் கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது இப்போது தங்கியிருக்கிறது. கசோதோ வரைக்கும் தங்கினால் ஒரு சேவல் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். கஸ்தாரியிடம் மூச்சுவிடவில்லை. போன முறை தோட்டத்துச் சவுக்கு மரத்தடியில் அவனே குழி தோண்டிவிட்டு, பல நாள் யாரோடும் பேசாமல் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

“மதியத்துக்குக் கொழம்பு வெச்சிடலாமா?” என்றான் அவன்.

“அதைத் தொடாதீங்க.”

“ஏன், உன் தாய்வீட்டுச் சீரா?”

“அது நான் போட்ட சேவல்.”

கஸ்தாரி ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பொண்டாட்டி போட்டதப் புருசன் புடிச்சிருக்கேன்! வெளிய சொல்லிடாத, ஊர்ல தல காட்ட முடியாது.”

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு அடங்கியது.

“எதுக்கு நேந்துக்கிட்டே?”

“இப்பக் கேக்காதீங்க.”

“சரி, கேக்கல. ஆனா மலை நமக்கே திருப்பிக் குடுத்திருக்கு. நல்லதுதானே?”

“குடுத்துச்சா, வேணாம்னு திருப்பி அனுப்புச்சான்னு எப்படித் தெரியும்?”

அவன் சேவலுக்கு ஒரு பிடி சோளத்தை இறைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

மறுநாள் பனி விலகியதும், சேவலை மறுபடி மலைக்கே கொடுக்க இருவரும் கிளம்பினார்கள். சேவல் கஸ்தாரியின் கக்கத்தில் இருந்தது. சோதனைச் சாவடியில் தேசியப் பூங்காக் காவலர் எட்டிப் பார்த்தார்.

“விழா நேத்தே முடிஞ்சுபோச்சே. சேவலுக்குச் சுற்றுலாவா?”

“நேத்து அது சரியாப் பாக்கலையாம் சார்,” என்றான் கஸ்தாரி.

சரிவு இறங்கி, மலையைச் சுற்றிக் கிடந்த மணல்கடலில் கால் வைத்தார்கள். கறுப்பு மணலில் நேற்றைய கூட்டத்தின் காலடிகளையும் குதிரைக் குளம்புகளையும் காற்று பாதி அழித்திருந்தது. நடுவில் குதிரை ஏறச் சொன்னான், அவள் மறுத்தாள். நேர்ந்தது நடந்து போய்க் கொடுப்பதாகத்தான். மலையடிவாரக் கோவிலைத் தாண்டியதும் கந்தக நெடி தொண்டையைப் பிடித்தது. அவள் நின்று நின்று நடந்தாள். அவனும் அவளோடு நின்றான். படிக்கட்டின் அடியில், அவன் சேவலின் நூலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, துமினா திரும்பி நின்று போர்த்தியிருந்த சாரோங் துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

படியேறிப் போனபோது விளிம்பில் ஆளே இல்லை. கீழே உள்சரிவில் ஒரே ஒருவன் வலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊர்ப் பூஜியோனோ.

“கஸ்தாரி அண்ணே! என்ன மேல நிக்கிறீங்க? பதவி உயர்வா?”

“நீ இன்னும் போகலையா?”

“நேத்து வண்டி பாதி வழியில படுத்துருச்சு. வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு இதுவரைக்கும் கெடச்சது ஒரு கட்டு வெங்காயத்தாள்தான்!”

துமினா கஸ்தாரியிடமிருந்து சேவலைக் கையில் வாங்கிக்கொண்டாள். “நேத்து இதைப் புடிச்சப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“எது விழுந்தாலும் சொல்றதுதான். ‘போட்டவங்க நெனச்சது நடக்கட்டும்’னு. சும்மா வாங்கிட்டு வரக் கூடாதில்ல?”

அவள் சேவலின் சிறகைத் தடவிக்கொடுத்தாள். யாருக்கென்று தெரியாமலே அவன் வாழ்த்தியிருக்கிறான்.

அப்போதுதான் கஸ்தாரி பார்த்தான். மணமானவள் முதுகில் போடும் சாரோங் முடிச்சு அவளுக்கு முன்னால், நெஞ்சுக்குக் கீழே இருந்தது. அவர்கள் ஊரில் வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள்தான் அங்கே முடிச்சுப் போடுவாள்.

“துமினா, முடிச்சு மாறியிருக்கு.”

“ம்.”

“கவனிக்காமப் போட்டியா?”

“கவனிச்சுத்தான் போட்டேன்.”

அவன் மலையின் வாயைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், மறுபடி அவள் முடிச்சைப் பார்த்தான். பிறகு அவள் கையின் மேல் தன் கையை வைத்தான். இருவருமாகச் சேவலை விட்டார்கள். அது கத்திக்கொண்டே சிறகடித்து இறங்கியது. பூஜியோனோ சாம்பலில் சறுக்கி, விழுந்து, எழுந்து, வலையை நீட்டி ஏந்திவிட்டான்.

“அட, எம்மாம் பெருசு! போட்ட மகராசி நல்லா இருக்கட்டும்!”

“இன்னொரு தடவ சொல்லுடா!” என்று கத்தினான் கஸ்தாரி.

“ஏன், காது அடைச்சிருச்சா?”

“சொல்லுடா, சத்தமா!”

பூஜியோனோ சேவலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மலையே கேட்கும்படி சொன்னான். துமினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இந்த முறை சேவல் வேறு வீட்டு அடுப்புக்குப் போகிறது. அது போதும்.

இறங்கும்போது கஸ்தாரி முன்னால் போனான். படியில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் குனிந்து பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே போனான்.

“இப்படியே போனா வீடு சேர ராத்திரி ஆயிடும்,” என்றாள் அவள்.

“ஆகட்டுமே,” என்று அடுத்த கல்லுக்குக் குனிந்தான்.