ஒரே மார்க்கில் இரண்டு பெட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தன்னுடையது எது, அடுத்தவனுடையது எது என்கிற நினைப்பே இல்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு போவார்கள், ஏணியை எடுத்துக்கொண்டு போவார்கள், கேட்டால் "சும்மாதானே" என்பார்கள். சும்மா எவனும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்தில் இருந்தவன் சொல்கிறேன்.

கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை, மேலே எழுதியிருக்கும் மார்க் பார்த்துப் பிரித்து அடுக்க வைப்பது என் வேலை. படிப்பு அஞ்சாங்கிளாஸ். இங்கிலீஷில் ஒரு வரி புரியாது, ஆனால் எழுத்தும் நம்பரும் என் கண்ணுக்குத் தப்பாது. ஒரு மார்க், ஒரு நம்பர் என்றால் உலகத்திலேயே ஒரு பெட்டிதான். அதே மார்க்கில் அதே நம்பரில் இன்னொன்று வந்தால் நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

என் பெண்டாட்டி சிலுவையம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஜானட் குவைத்தில் நர்ஸ். ராயபுரம் வீட்டில் நான் மட்டும். போன வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், லீவுக்கு வந்தவள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, எதை அமுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரகுபதியிடம் வீட்டுச் சாவி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் ஜூன் மாசம் ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். விடிகாலையில் விழுந்தவன் பத்து மணிக்குத் தண்ணி லாரி வந்து ஹாரன் அடிக்கிற நேரத்துக்குத்தான் சுவரைப் பிடித்து எழுந்தேன். நடுவில் நாலைந்து தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை, ஜானட்டிடமும்.

ஆகஸ்ட்டில் அவள் போன் பண்ணினாள். "நைனா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்து போடச் சொல்றாங்க. பதினாலாம் தேதி சனிக்கெழம காலைல சொல்லியாவணும். நீ வான்னா வந்துடறேன். அதுக்கு முந்தின நாளு, வெள்ளிக்கெழம, நாலு மணிக்கு நெட் சென்டர்ல ஒக்காருவேன். நீ கம்ப்யூட்டர்ல வா, நெறைய பேசலாம். ரகுபதி அண்ணன் எல்லாம் போட்டுத் தரும்." அதற்குள் அவளுடைய போன் கார்டில் காசு தீர்ந்து போன் அறுந்துவிட்டது.

வா என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் விழுந்து கிடந்ததைச் சொல்ல வேண்டும். அதை என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அவளிடம் மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

ரகுபதி மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்ப்யூட்டர் பைத்தியம். பேசுவதற்கான சாஃப்ட்வேர் ஒரே உருப்படியாக வராதாம், இருபது ஃபைலாக வருமாம். டெலிபோன் லைனில் ஒவ்வொன்றும் அரை நாள் இழுக்கும். நடுவில் லைன் போனால் முதலிலிருந்து. அதனால் நாலு வீடு சேர்ந்து ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொள்வார்களாம்: ரகுபதி வீடு, வண்ணாரப்பேட்டையில் தையல் யூனிட் வைத்திருக்கும் ரஹீமுன்னிசா வீடு, திருவொற்றியூரில் பக்தவச்சலம் வீடு, இப்போது என் வீடு. ஞாயிற்றுக்கிழமை ரகுபதி தன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பான். சாயங்காலம் மறுபடி போய் எல்லோருக்கும் இருபதையும் போட்டுத் தருவான்.

என் பங்கு ஐந்தும் வருவதற்கு மூன்று நாள் ஆனது. லைனைக் கம்ப்யூட்டரே பிடித்துக்கொண்டதால் மூன்று நாளும் டெலிபோன் வேலை செய்யவில்லை. வந்த ஐந்துக்கும் மார்க்கை எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதி வைத்தேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நான் வந்ததும் ரகுபதி வந்தான். மஞ்சள் பைக்குள் துண்டு, துண்டுக்குள் ஹார்ட் டிஸ்க்.

"இன்னா பெரியவரே, அஞ்சும் வந்துச்சா? குடு, ஏத்திகினு கெளம்பறேன்."

"அவுங்க பதினஞ்சு எங்க?"

"இனிமேதான் போவணும். உன் வூடுதான் மொத வூடு."

"எடுத்துகினு போயி நீ திரும்பி வரலன்னா? வெள்ளிக்கெழம என் பொண்ணு பேசணும்."

"அய்ய, உன்னுது எங்கயும் போவாது. நான் காப்பிதான் எடுக்கறேன். இங்கயும் இருக்கும், என்னாண்டயும் இருக்கும்."

"எடுத்தப்புறம் எப்டி இங்க இருக்கும்?"

"இருக்கும் பெரியவரே. கொறையவே கொறையாது."

"வெளிய போயும் கொறையாத சரக்க நான் பாத்ததில்ல. தர மாட்டேன்."

அவன் மஞ்சள் பையின் வாயைச் சுருட்டினான். "உன் அஞ்சு இல்லாங்காட்டி நாலு வூட்லயும் ஓடாது, தெரியுமா? ரிட்டையர் ஆயி எட்டு வருஷமாச்சு, இன்னும் ஹார்பர் ஷெட்டுக்குப் பூட்டு போட்டுகினு கீற நீ." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தான். முகத்தில் கோபம் இல்லை. "அந்த அஞ்ச ரஹீமுன்னிசா வூட்ல மூணு நாள் ஒக்காந்து எறக்கிட்டோம் பெரியவரே. இருபதும் கீது. போட்டுத் தரேன், நாளைக்கு நீ ஜம்முனு பேசு."

கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றித் தன் டிஸ்கை மாட்டினான். பட்டியல் வந்தது. நான் நோட்டை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றாவது வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். என் ஐந்தும் அங்கே இருந்தன. பெயர், நம்பர், கடைசிப் புள்ளி வரைக்கும்.

"இது என்னுது," என்றேன்.

"இல்ல, இது அந்தம்மா வூட்ல எறக்கினது."

"மார்க்கு ஒண்ணு, நம்பரும் ஒண்ணு. அப்பறம் எப்டி வேறயாவும்?"

"எல்லாருக்கும் அதே பேருதான் பெரியவரே. லட்சம் பேரு எறக்கினாலும் அதே நம்பருதான்."

"என் வூட்டுச் சாவி உன்னாண்ட கீது. நேத்து நான் சர்ச்சுல நவநாள் ஜெபத்துக்குப் போனப்ப வந்து எடுத்துகினு போயிட்ட."

ரகுபதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு எதையோ அமுக்கி என் ஃபைல்களைத் திறந்து காட்டினான். "பாரு. உன் அஞ்சும் அப்டியே கீதா இல்லியா?"

அப்படியேதான் இருந்தது. அதனால் என்ன? சீல் உடையாமல், ஆணி அசையாமல் வந்த பெட்டிக்குள் செங்கல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "வெளிய அப்டியேதான் இருக்கும்," என்றேன்.

அவன் டிஸ்கைப் பிடுங்கித் துண்டில் சுற்றினான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "ஜானட் குடுத்தது. நீயே வச்சிக்க." ஒன்றையும் ஏற்றாமல் போய்விட்டான். கழற்றின தகடு தரையில் கிடந்தது.

மறுநாள் மூன்றரைக்கே சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாலு அடித்தது. ஃபேன் சத்தம் தவிர அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? பதினைந்து ஃபைல் இல்லை.

நாலு பத்துக்கு ரகுபதி பெண்டாட்டி வரலட்சுமி வாசலில் வந்து நின்றாள். "தாத்தா, ஜானட்டு எங்க வூட்டு கம்ப்யூட்டர்ல வந்துகீது. உன்னியக் காணோம்னு கேட்டுகினே கீது. வா சீக்கிரம்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன்.

அது ஒரே ரூம். ரகுபதி கட்டில்மேல் இருந்தான். ரஹீமுன்னிசாவும் அவள் தங்கையும், தங்கள் வீட்டு டெலிபோன் லைன் போய்விட்டதால், துபாயில் இருக்கும் தம்பியிடம் பேச வந்து, தங்கள் முறைக்காக ஸ்டூலில் காத்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்.

"நைனா, கேக்குதா?" ரூம் முழுக்க ஜானட்டின் குரல்.

"கேக்குது."

"துன்னியா?"

"துன்னேன்."

நான் பேசி முடித்த பிறகு ஒவ்வொரு தரமும் கொஞ்சம் நின்றுதான் அவள் பதில் வந்தது. "நம்ம வூட்ல ஏன் வேல செய்யல?"

ரகுபதி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன்தான், "இன்னும் போடலம்மா, நாளைக்குப் போட்டுடலாம்," என்றான்.

"நைனா, காலைல நான் சொல்லணும். இன்னா பண்ணட்டும்? கையெழுத்து போடட்டா, வந்துடட்டா?"

ரஹீமுன்னிசாவின் தங்கை டீயை உறிஞ்சுவதை நிறுத்தினாள். வரலட்சுமி அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். எல்லோரும் நல்லவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில், பாத்ரூமில் ஈரத் துணியோடு கிடந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"உன் இஷ்டம்," என்றேன்.

கொஞ்சம் நின்றது. "உடம்பு எப்டி கீது உனக்கு? நெஜமா சொல்லு."

"எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்."

இன்னும் அதிக நேரம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று ரகுபதி எழுந்தான். "சரி நைனா. அப்ப போட்டுடறேன்," என்றாள் ஜானட். குரல் எப்படி இருந்தது என்று அந்த ஸ்பீக்கரில் தெரியவில்லை.

"அந்தம்மா காத்துகினு கீறாங்க," என்று சொல்லி எழுந்தேன். வரலட்சுமி டீயை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

ரகுபதி வாசல்வரை வந்தான். "டிஸ்க் ரெடியா கீது பெரியவரே. அஞ்சு நிமிஷ வேல, இப்பவே வந்து போட்டுத் தரேன். அடுத்த வாட்டி உன் வூட்லயே ஒக்காந்து பேசலாம்."

"ரெண்டு வருஷத்துக்கு இன்னா பேச்சு," என்றேன். செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டேன். "அந்த அஞ்சும் உன்னாண்ட எப்டி வந்துச்சு?"

"சொன்னனே பெரியவரே."

"சொன்ன."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, ஆளில்லாத வீட்டுப் பக்கம் திரும்பாமல் கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் நடந்தேன்.