டெல்லி ராகுகாலம்

அப்பா வீட்டுக்குள் வந்ததிலிருந்து நடந்துகொண்டே இருந்தார். எங்கள் கரோல் பாக் வீட்டில் நடப்பதற்கு இருப்பது பதினோரு அடி. சுவர் வரைக்கும் போவார், திரும்புவார், மடிக்கணினியைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். கூலர் வேறு புழுக்கத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். என் தங்கை சிந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கியிருந்தாள். எந்தப் படிப்பு முதலில், எது அடுத்தது என்று வரிசைப்படுத்தி இணையத்தில் கொடுக்க அன்று மாலை ஐந்து மணி வரை நேரம். ஐந்தானதும் கடைசியாகச் சேமித்த பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். காலையில் சிந்து சேமித்ததில் கணிதம் முதலில் இருந்தது. மத்தியானம் அப்பா யாரோ கோச்சிங் சென்டர்காரரிடம் எழுதி வாங்கி வந்த தாளில் கம்ப்யூட்டர் முதலில் இருந்தது, கணிதமே இல்லை. அவள் ரேங்குக்கு இரண்டுமே கிடைக்கும். எது மேலே நிற்கிறதோ அதைத்தான் அவள் படித்தாக வேண்டும்.

தாளோடு அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஐந்து. செவ்வாய்க்கிழமை. திருநெல்வேலியிலிருந்து வருடாவருடம் வரவழைக்கும் தினசரி காலண்டரில் ராகுகாலம் மூன்று முதல் நாலரை. ராகுகாலத்தில் அப்பா ஒரு பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்கமாட்டார்.

"நாலரை கழியட்டும். அதுக்குப் பெறகு அமுக்கிக்கிடலாம்" என்றார்.

ஆறு வருடம் முன்பு எனக்கும் இதே கூத்துதான், அதுவும் ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. நான் இயற்பியல் கேட்டேன். நாலரை வரை காத்திருந்து, நாலு நாற்பதுக்குப் பிள்ளையாரைக் கும்பிட்டு, அவர் கையாலேயே கம்ப்யூட்டரை முதலில் வைத்து அமுக்கினார். இன்று குர்காவ்னில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் இணையதளத்தில் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று அமுக்கிப் பார்ப்பது என் உத்தியோகம். சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆகவே வாயைத் திறக்கக் கூடாது.

சிந்து மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். காலண்டரில் அவளுக்குச் சட்டென்று விளங்குவது எண்கள்தான். நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ கணக்குப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, தேக்கோ."

பார்த்தேன். ராகுகாலம் என்பது பகலில் எட்டில் ஒரு பங்கு. செவ்வாயன்று ஏழாவது பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு அடைகிற சூரியனுக்குத்தான் அது மூன்று முதல் நாலரை. ஜூன் மாத டெல்லியில் சூரியன் ஐந்து இருபத்து நாலுக்கு உதித்து ஏழு இருபதுக்கு அடைகிறது. வகுத்துப் பார்த்தால் இன்றைய ராகுகாலம் மூன்று ஐம்பத்தொன்றிலிருந்து ஐந்து முப்பத்தைந்து வரை.

அப்போது மணி மூன்று இருபது. இப்போதே சொன்னால், நல்ல நேரம்தான் என்று அப்பா உடனே அமுக்கிவிடுவார். நாலரைக்கு மேல் சொன்னால், ஐந்து மணி வரை அவர் கை அந்தப் பக்கம் போகாது. 'சொல்லாதே' என்று கண்ணைக் காட்டினேன். அவள் எப்போதோ அந்த முடிவுக்கு வந்திருந்தாள், கள்ளி.

அதற்குப் பிறகு என்னாலும் உட்கார முடியவில்லை. மூன்று முறை தண்ணீர் குடித்தேன். அம்மா கொடுத்த டீ ஆறிப்போனது. அப்பா நடந்த பதினோரு அடியில் நானும் நடந்தேன். இரண்டு முறை முட்டிக்கொண்டோம்.

நாலரை தாண்டியதும் அப்பா முகம் கழுவி, விபூதி பூசி, கணினி முன்னால் உட்கார்ந்தார். தாளைப் பார்த்து வரிசையை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. சேமிக்கிற பொத்தானுக்குப் போனார்.

"அப்பா, ஏக் மினிட்" என்று சிந்து காலண்டர் தாளை நீட்டினாள்.

"என்னட்டி இது, வெளையாடுதியா?"

"செக் பண்ணுங்க. தப்புன்னா அமுக்குங்க."

தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் கூட்டலில் தப்புக் கண்டுபிடித்தவர் எங்கள் அப்பா. சூரியன் உதிக்கிற நேரத்தை போனில் பார்த்தார். பேனா எடுத்து மேலிருந்து கீழே வகுத்தார். கீழிருந்து மேலே சரிபார்த்தார். தப்பு கிடைக்கவில்லை.

"அப்பம் இத்தன வருசமா நான் திருநவேலி சூரியனையா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

"எனக்கு மேத்ஸ்தான் வேணும்ப்பா" என்றாள் சிந்து. "காலைல நான் சேவ் பண்ணது நல்ல நேரத்துலதான். அதையும் பாத்துட்டேன்."

மணி நாலு ஐம்பது. அப்பாவின் கை மௌஸிலிருந்து விலகியது. அவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஷ்ருதி, உனக்கும் செவ்வாக்கெழமதான."

"ஆமாப்பா."

"நாலு நாப்பது."

"ஆமா."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவர் நன்றாகப் படட்டும் என்று ஆறு வருடமாகக் காத்திருந்தவள் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

ஐந்தானதும் திரையில் காலைப் பட்டியல் பூட்டிக்கொண்டது, கணிதம் முதலில். சிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அந்த வேல உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

ஆறு வருடத்தில் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லப்பா" என்றேன்.